எலி இல்லாத துண்டுப்பிரசுரம்

ஒசாகா
22 ஏப்ரல் 2025

நானாவுக்கு ஸலாம்.

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என்னோடு ஏ.எல். வகுப்பில் படித்த மபாஸா நேற்று இரண்டு படங்கள் அனுப்பினாள். ஒன்றில், பழைய மாணவர் சங்க விழாவில் எனக்காக நீங்கள் கேடயம் வாங்குகிறீர்கள். வாங்குங்கள், அதில் எனக்கு ஒன்றுமில்லை. மற்றதில், நீங்கள் உங்கள் கடையிலேயே அச்சடித்து மண்டபம் முழுவதும் கொடுத்த துண்டுப்பிரசுரம் இருந்தது. அதை வாசித்துவிட்டு ஆய்வுகூடப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"மூளையின் மேற்பட்டையில் உள்ள தாங்கு கலங்களில் ஒரு துளி காபா விழுந்தால் போதும், மூளை முழுவதும் தானாகவே அமைதி பெறும் என்பதை மாத்தளையின் மகள் உறுதிப்படுத்தியுள்ளார். இத்துளி நம் உடலிலேயே சுரப்பதாகும். வலிப்பு, தலையிடி, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு இனி நம் உடலே மருந்து."

இதில் எது நான் சொன்னது? விழாவுக்கென்று நீங்கள் கேட்டதால் உட்கார்ந்து தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அதன் முதல் வரியே எலியைப் பற்றியது. எலியின் மூளையில் வெட்டியெடுத்த மெல்லிய துண்டு, அதிலுள்ள கலங்கள், என் ஆராய்ச்சி அவ்வளவுதான். உங்கள் துண்டுப்பிரசுரத்தில் மருந்துக்குக்கூட ஒரு எலி இல்லை. எங்கே விட்டீர்கள்?

இதைக் கேட்கத்தான் நேற்று அழைத்தேன். "சத்தம் போடாம எழுதி அனுப்பு, நான் வாசிச்சிட்டுப் பதில் போடுறேன்" என்று போனை வைத்துவிட்டீர்கள். சரி, எழுதியாகிவிட்டது.

இன்னொன்றையும் உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆத்திரம். உங்கள் மனைவிக்கு வலிப்பு இருக்கிறது. ஸஹ்னா மச்சி கலியாணத்துக்கு முன்பிருந்தே தினமும் மாத்திரை எடுப்பவர். அவர் இருக்கும் வீட்டிலிருந்து இப்படி ஒரு காகிதம் வெளியே போயிருக்கிறது. மச்சி மாத்திரையை விடாமல் எடுக்கிறாரா? மற்றதற்கெல்லாம் பிறகு பதில் சொல்லுங்கள். இதற்கு மட்டும் உடனே எழுதுங்கள்.

நப்லா


மாத்தளை
24 ஏப்ரல் 2025

அன்புள்ள தங்கச்சி நப்லாவுக்கு,

உன்னுடைய 22ஆம் திகதிய மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றேன். அதிலுள்ள தொனி எனக்கு வருத்தமளிக்கிறது என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் இந்தக் கடையைப் போட்டு இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறேன். மாவட்டக் கச்சேரிக்கு, பிரதேச செயலகத்துக்கு, மின்சார சபைக்கு என்று நான் டைப் அடிக்காத கடிதம் இல்லை. எனக்கு எழுத்தைப் பற்றி நீ சொல்லித் தருகிறாய். "கூரை ஒழுகக்கூடும்" என்று எழுதினால் கிராம சேவகர் வந்து பார்ப்பாரா? "கூரை முற்றாகச் சேதமடைந்துள்ளது" என்று எழுதினால்தான் மனுசன் மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணுவார். நீ அனுப்பிய பக்கத்தில் வரிக்கு வரி "இருக்கலாம்", "போலத் தெரிகிறது", "இன்னும் ஆராய வேண்டும்". பிள்ளை ஜப்பானுக்குப் போய் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை என்றல்லவா சனம் நினைக்கும். கொஞ்சம் நிமிர்த்தி எழுதினேன். நல்லதுக்குத்தான்.

எலியைப் பற்றிக் கேட்டாய். அதைத் தெரிந்துதான் எடுத்தேன். தம்புள்ளை ஸைனம்பு மாமி தன் மகன் அன்ஸாபுக்கு உன்னைக் கேட்டுக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். நல்ல குடும்பம், பொருளாதார மத்திய நிலையத்து மரக்கறிச் சந்தையில் மூன்று கடை. அவர்களும் விழாவுக்கு வந்திருந்தார்கள். பொண்ணு நாள் முழுக்க எலி மண்டையை வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அச்சடித்துக் கொடுக்கச் சொல்கிறாயா? "அந்தக் கையாலயா நாளைக்குச் சோறு பிசைஞ்சு போடப் போறா" என்று மாமி கேட்டால் நான் எங்கே முகத்தை வைப்பேன்? எலியை எடுத்ததால் எலிக்குத்தான் நட்டம், வேறு யாருக்கும் இல்லை.

ஸஹ்னா நன்றாக இருக்கிறாள். மாத்திரையை மாதாமாதம் நான்தான் கிளினிக் கொப்பியோடு போய் எடுத்து வருகிறேன். கலியாணம் முடித்து இந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவளை அந்த வரிசையில் நிற்க விட்டதில்லை. நாலு பேர் கண்டால் என்ன கதை கிளம்பும் என்று உனக்கே தெரியும். அந்தக் கதை தம்புள்ளைக்குப் போனால் உன் விஷயமும் கெட்டுவிடும். இதெல்லாம் யாருக்காகச் செய்கிறேன் என்று கொஞ்சம் யோசி.

இப்படிக்கு,
றிஸ்கான் நானா


ஒசாகா
26 ஏப்ரல் 2025

நானா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரிப்பதா சுவரில் முட்டுவதா என்று தெரியவில்லை.

கூரைக்கும் மூளைக்கும் வித்தியாசம் இருக்கிறது. கூரையைப் பற்றிக் கூட்டி எழுதினால் கிராம சேவகர் நேரில் வந்து பார்த்து உங்களைத் திட்டுவார். இதை யாரும் வந்து பார்க்க முடியாது. வாசிக்கிறவர் அப்படியே நம்பிவிடுவார்.

நான் என்ன செய்கிறேன் என்று ஒரே ஒரு தடவை பொறுமையாகச் சொல்கிறேன். மேற்பட்டை என்பது மூளையின் மேல் பகுதி. அங்கே ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை நரம்புக்கலங்கள். அவற்றைச் சுற்றி வேறு கலங்கள் உண்டு, நட்சத்திரம் மாதிரிக் கை பரப்பிக்கொண்டிருக்கும். நரம்புக்கலத்துக்குத் தீனி கொடுப்பதும் கழிவை அள்ளுவதும்தான் இவற்றின் வேலை என்று நெடுங்காலமாக நினைத்திருந்தார்கள். அதனால்தான் தாங்கு கலம் என்ற பெயர். நரம்புக்கலங்கள் பேசும்போது விடுகிற இரசாயனம் இவற்றின் மேலும் படுகிறது, இவையும் அதை உணர்கின்றன என்பது பிறகுதான் தெரியவந்தது.

எலி மூளைத் துண்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, ஒளியைப் பாய்ச்சி, ஒரே ஒரு தாங்கு கலத்தின் மேல் மட்டும் அந்த இரசாயனம் கொஞ்சமாக வெளிப்படச் செய்கிறேன். கலம் உணர்ந்தால் உள்ளே கல்சியம் ஏறி மினுங்கும். குளுட்டமேட் என்பது கிளப்பிவிடும் இரசாயனம். அதை விட்டால் அந்தக் கலத்தோடு நிற்பதில்லை, நான் தொடாத பக்கத்துக் கலங்கள்கூடச் சில நிமிடங்களுக்கு மினுங்குகின்றன. ஒரு கடையில் நடந்த சண்டையைப் பற்றித் தெருவே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. காபா என்பது அடக்கும் இரசாயனம். அதை விட்டால் அந்தக் கலம் உணர்கிறது, ஆனால் பக்கத்துக் கலங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை.

ஆக, நீங்கள் எழுதியது தலைகீழ். காபா ஒரு துளி விழுந்தால் மூளை முழுவதும் அமைதி என்கிறீர்கள். என் துண்டில் காபா பக்கத்து வீட்டுக் கதவைக்கூடத் தட்டவில்லை. கூட்டி எழுதுவதையாவது சரியான பக்கம் பார்த்துக் கூட்டியிருக்கலாம்.

இதனால் மூளை அமைதியாகுமா? தெரியாது. மனிதரிலும் இப்படித்தானா? தெரியாது. வலிப்புக்கு உதவுமா? அதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதை வெட்கப்பட்டு மறைத்தது நீங்கள்.

அன்ஸாபைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. எலியைப் பிடிக்காதவர்களுக்கு என்னையும் பிடிக்க வேண்டாம்.

மச்சியோடு இன்று பேசினேன். பக்கத்தில் உம்மா இருப்பது மச்சியின் குரலிலேயே தெரிந்தது. மாத்திரையைப் பற்றிக் கேட்டதும், "எல்லாம் நல்லம் நப்லா, அடுப்பில கறி இருக்கு" என்று வைத்துவிட்டார். மாத்திரையைக் கொண்டுவந்து கொடுப்பது வேறு, அவர் அதை விழுங்குவது வேறு. நீங்கள் போய்ப் பாருங்கள்.

திருத்தம் ஒன்று எழுதி இத்துடன் அனுப்புகிறேன். சின்னதுதான். எலி இருக்கிறது. வலிப்புள்ளவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் தாங்களாக மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று கடைசி வரியில் இருக்கிறது. அப்படியே அச்சடியுங்கள். நிமிர்த்த வேண்டாம்.

நப்லா


மாத்தளை
3 மே 2025

தங்கச்சிக்கு,

உன் திருத்தம் கிடைத்தது. இப்போதைக்கு அச்சடிக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன், குதிக்காமல் கேள்.

இந்த வாரம் என் கடை கடையாக இல்லை. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் வந்து, கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று மறந்துபோகிறது, அந்தத் துளி தனக்குச் சரிவருமா என்று கேட்கிறார். கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது. வில்கமுவயிலிருந்து ஒரு விவசாயி, டிரக்டரில் ஏறி, பஸ் பிடித்து, மனைவியின் தலையிடிக்கு மருந்து கேட்டு வந்துவிட்டார். யாரோ துண்டுப்பிரசுரத்தைச் சிங்களத்தில் வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். "நங்கிகே பேத்" வேண்டுமாம், தங்கச்சியின் மருந்து. ஆய்வு நடைபெற்று வருகிறது, உரிய நேரத்தில் அறிவிக்கப்படும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இவர்களுக்குப் பதில் சொல்லியே என் தொண்டை கட்டிவிட்டது. இந்த நேரத்தில் போய், அதெல்லாம் எலிக்கு என்று நோட்டீஸ் ஒட்டினால் கல்லால் அடிப்பார்கள்.

அதைவிட முக்கியம், ஸைனம்பு மாமி வீட்டார் 18ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். பேச்சை முடிக்கத்தான் வருகிறார்கள். மாமி துண்டுப்பிரசுரத்தை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு தம்புள்ளை முழுக்கக் காட்டுகிறாராம். அது முடியட்டும். பிறகு நீ எலியைப் பற்றிப் புத்தகமே போடு.

ஸஹ்னாவைப் பற்றி இனிக் கேட்காதே. வீட்டு வேலை, உம்மாவின் சத்தம், இதெல்லாம் சேர்ந்து கொஞ்சம் களைத்துப் போயிருக்கிறாள், வேறொன்றுமில்லை. முந்தாநாள் எனக்குத் தேநீர் ஊற்றும்போது கோப்பை நிரம்பி, கீழிருந்த பீங்கான் நிரம்பி, மேசையெல்லாம் ஓடுகிறது, அவள் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே நிற்கிறாள். "என்ன, கண்ண முழிச்சிக்கிட்டே தூங்குறியா" என்றேன். பதிலில்லை. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி துணியை எடுத்துத் துடைத்தாள். அவ்வளவு களைப்பு.

றிஸ்கான் நானா


ஒசாகா
3 மே 2025

நானா,

அது களைப்பில்லை. அதுவும் வலிப்புதான். விழுந்து துடித்தால்தான் வலிப்பு என்று யார் உங்களுக்குச் சொன்னது? கண் திறந்திருக்கும், கை செய்த வேலையையே செய்துகொண்டிருக்கும், கூப்பிட்டால் கேட்காது. ஒழுங்காக மாத்திரை எடுத்த காலத்தில் மச்சிக்கு இப்படி வந்ததா? வரவில்லை.

அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் நானா. என்னால் அங்கிருந்து பார்க்க முடியாது, ஆனாலும் சொல்கிறேன். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரும். ஒன்று முடியுமுன் அடுத்தது வரும். அதில் ஆள் போய்விடலாம். இந்த ஒரு விஷயத்தையாவது கூட்டி எழுதியதாக நினைக்காதீர்கள்.

இன்றே கேளுங்கள். நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கொப்பியை மட்டுமல்ல, ஆளை.

நப்லா


மாத்தளை
6 மே 2025

நப்லா,

கேட்டாயிற்று. போதுமா?

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன். "மாத்திர ஒழுங்கா எடுக்கிறியா இல்லையா, ஜப்பான்ல இருந்து ஒருத்தி என் உயிர வாங்குறா" என்றேன். "எடுக்கிறேன்" என்றாள். உம்மா உடனே, "கலியாணப் பேச்சு நடக்கிற வீட்ல நோய் வருத்தக் கத பேசாதீங்க" என்று எழுந்து போய்விட்டார். ஸஹ்னா அன்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உன்னால் என் வீட்டில் வந்த சண்டை இது.

வெற்று மாத்திரைத் தகட்டையும் பார்த்தேன், குப்பைக் கூடையில் இருந்தது. ஆளில்லாமல் மாத்திரை தகட்டை விட்டு நடந்து போகாது. நீ எலியைப் பார்த்துக்கொள், நான் என் மனைவியைப் பார்த்துக்கொள்கிறேன்.

றிஸ்கான்


ஒசாகா
7 மே 2025

உம்மாவுக்கு முன்னால், சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேட்டீர்களா? வேறு என்ன பதில் வரும் என்று நினைத்தீர்கள்?

தனியாகக் கேளுங்கள் நானா. ஏன் எடுக்கவில்லை என்று கேளுங்கள். எடுத்தாயா என்று கேட்காதீர்கள்.

நப்லா


ஒசாகா
14 மே 2025

நானா,

ஒரு வாரமாகப் பதிலில்லை. அழைத்தால் எடுக்கிறீர்களில்லை. மச்சியின் போனை உம்மா எடுக்கிறார், "அவ குளிக்கிறா" என்கிறார். எப்போது அழைத்தாலும் மச்சி குளிக்கிறார்.

நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்றும் ஓடவில்லை. நேற்று ஒரு நல்ல துண்டைக் கைதவறிப் பாழாக்கினேன். என் மேலுள்ள கோபத்தைப் பிறகு காட்டுங்கள். மச்சியை ஒரு டொக்டரிடம் காட்டிவிட்டு, காட்டினேன் என்று ஒரு வரி போடுங்கள்.

நப்லா


மாத்தளை
21 மே 2025

தங்கச்சி,

ஸஹ்னா இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன், நீ பயப்படாமல் மீதியை வாசி.

ஞாயிற்றுக்கிழமை ஸைனம்பு மாமி வீட்டார் வந்தார்கள். ஒரு வேன் நிறைய ஆட்கள், ஒரு பெட்டி நிறையக் கறிமிளகாய். ஸஹ்னா காலையிலிருந்து நின்று வட்டிலப்பம் செய்திருந்தாள். எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மாமி உன் துண்டுப்பிரசுரத்தை வெளியே எடுத்து, நம் ஆட்களுக்கே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஸஹ்னா சர்பத் தட்டோடு வாசலுக்கு வந்தாள். வந்தவள் நின்றாள். தட்டு சரிந்தது. பிறகு அவளும் விழுந்தாள். தலை கதவு நிலையில் அடிபட்டது. நான் ஆறு வருடத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று, "பிரஷர் கொறஞ்சிருச்சு, நேத்துல இருந்து ஒழுங்கா சாப்பிடல" என்று மாமியிடம் சொன்னேன். உம்மா வாசல் திரையை இழுத்துவிட்டார். அவள் திரைக்கு அந்தப் பக்கம் துடிக்கிறாள், நாங்கள் இந்தப் பக்கம் வட்டிலப்பம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

மாமிதான் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஸஹ்னாவைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, கழுத்துப் பின்னைக் கழற்றி, "எங்க தங்கச்சிக்கும் இது இருந்துச்சு. பாத்துக்கிட்டு நிக்காம வேன எடுங்க" என்று மகனைச் சத்தம் போட்டார். வேனில் போகும்போதே அடுத்தது வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இன்னொன்று. நீ எழுதியபடியே. ஊசி போட்டு, ஒட்சிசன் வைத்து, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் வரை என்னைப் பார்க்க விடவில்லை. கொரிடோரில் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினேன்.

நேற்றுத்தான் கண் திறந்து பேசினாள். நாக்கைக் கடித்திருக்கிறாள், சொல் தெளிவில்லை. அருகில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நீ சொன்னபடி கேட்டேன். ஏன் என்று.

தமிழ் வருடப் பிறப்புக்கு முன்பு கிளினிக்கில் மாத்திரை முடிந்துபோய் நான் வெளியே பார்மசியில் அதே மாத்திரையில் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பெட்டியின் மேல் வயிற்றுப்பிள்ளைக்காரியின் படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு அடித்திருந்ததாம். நான் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருக்கிறாள். இந்த மாத்திரையை எடுக்கும் வரைக்கும் பிள்ளை கூடாது என்று அவளாகவே விளங்கிக்கொண்டாள். பிள்ளை இல்லையென்று ஆறு வருடமாக உம்மா சாடை பேசுவதெல்லாம் உனக்குத் தெரியும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவளின் கையில், நான் அச்சடித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைத்த காகிதம் கிடைத்திருக்கிறது. இனி நம் உடலே மருந்து என்று.

"நப்லா பொய் எழுத மாட்டாதானே" என்றாள்.

அது நப்லா எழுதியதில்லை, நான் எழுதியது என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். மூடியவள் நான் போகும் வரை திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். தகட்டிலிருந்து தினமும் ஒன்றாக எடுத்து, தையல் மெஷின் இழுப்பு லாச்சியில் ஒரு பொத்தான் டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறாள்.

ஸைனம்பு மாமி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். போகும்போது என்னிடம், "வருத்தம் யாருக்கும் வரும் தம்பி, அதுல குத்தமில்ல. திரைய இழுத்தீங்க பாருங்க, அத என்னால மறக்க ஏலாது" என்றார். உன் விஷயம் அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்.

எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

றிஸ்கான்


ஒசாகா
22 மே 2025

நானா,

உங்களைத் திட்டி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அழித்துவிட்டேன். உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருப்பீர்கள். அதனால் மச்சிக்கு ஒரு பலனும் இல்லை, அதையும் நிறுத்துங்கள்.

அந்தப் படம் சரிதான். அந்த மாத்திரை வயிற்றிலுள்ள பிள்ளைக்குக் கூடாது. ஆனால் மச்சி விளங்கிக்கொண்டது பாதிதான். வேறு மாத்திரைகள் இருக்கின்றன. வலிப்புள்ள பெண்கள் எத்தனையோ பேர் நல்ல சுகமாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். பிள்ளை வேண்டும் என்று முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும், அவர் பார்த்துப் பழையதைக் குறைத்துப் புதியதைத் தொடங்க வேண்டும். எந்த மாத்திரை, எவ்வளவு என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். நான் அந்த டொக்டர் இல்லை.

இதைக் கிளினிக் டொக்டர் முதல் வருடமே சொல்லியிருப்பார், கேட்க மச்சி அவர் முன்னால் உட்கார்ந்திருந்தால். உட்காரவில்லையே. ஆறு வருடமாக அந்த மனிதர் பார்த்தது உங்கள் முகத்தைத்தான். "எப்படி இருக்காங்க" என்று கேட்டிருப்பார், "நல்லா இருக்காங்க" என்று சொல்லியிருப்பீர்கள். உங்களுக்கு வலிப்பில்லை நானா. உங்களால் பிள்ளையும் சுமக்க முடியாது.

மச்சி கேட்பதற்கு அந்த வீட்டில் ஓர் ஆள் இருக்கவில்லை. அதனால் காகிதத்தைப் பார்த்து நடந்துகொண்டார். அந்தக் காகிதத்தில் என் பெயர் இருக்கிறது. எனக்கு நேற்றிரவு முழுக்கத் தூக்கமில்லை, இந்தக் கலங்களைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது.

ஸைனம்பு மாமிக்கு என் ஸலாம் சொல்லுங்கள். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. மகனைக் கட்ட வேண்டிய அவசியமில்லாமல் பிடித்திருக்கிறது.

மச்சியை அடுத்த கிளினிக்குக்கு நீங்களே கூட்டிப் போங்கள். ஆட்டோவில் திரை போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

நப்லா


மாத்தளை
19 ஜூன் 2025

தங்கச்சி,

நீ முதலில் கேட்கப்போவதற்குப் பதில். ஸஹ்னா மாத்திரை எடுக்கிறாள். இன்றைக்குப் புதியது ஒன்றையும் தொடங்கியிருக்கிறார்கள். பழையதை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டுமாம். அது முழுக்க நின்று, புதியதில் நிலைக்கும் வரை பிள்ளைப் பேச்சு வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார் டொக்டர். இது அவள் பஸ்ஸில் வரும்போது சொன்னது.

உன் திருத்தத்தை நீ எழுதியபடியே அச்சடித்து, கடை வாசலில் ஒட்டியிருக்கிறேன். விழாவுக்கு வந்தவர்களின் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். போஸ்ட்மாஸ்டர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அப்ப தங்கச்சி ஒண்ணும் கண்டுபிடிக்கலயா" என்றார். கண்டுபிடித்திருக்கிறாள், எலியில் என்றேன். "எலிக்கு எதுக்கு ஞாபகசக்தி" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். வில்கமுவக்காரருக்கு நானே போன் எடுத்து, மனைவியை ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன். டிரக்டர் ஏறி வந்தது வீணா என்று சிங்களத்தில் நன்றாகவே ஏசினார். கேட்டுக்கொண்டேன். உம்மா என்னோடு பேசுவதில்லை, கிளினிக்குக்குக் கூட்டிப் போய் ஊரைக் கூட்டிவிட்டேனாம்.

நான் எழுத வந்தது இதில்லை.

கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எப்போதும் நான் போய், கொப்பியைக் கொடுத்து, வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன், யாரையும் பார்ப்பதில்லை. இன்றைக்கு உட்கார்ந்து பார்த்தேன். வரிசையில் பாதிப் பேர் ஆம்பிளைகள். எல்லோரையும் எனக்குத் தெரியும், என்னிடம் மனு எழுத வருகிறவர்கள். மகளுக்காக, மனைவிக்காக, தங்கச்சிக்காகக் கொப்பியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஸஹ்னாவைக் கண்டதும் ஒருவர் பின் ஒருவராக என்னைப் பார்த்தார்கள். எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட இருந்தது. போகவில்லை.

பெயர் கூப்பிட்டதும் பழக்கத்தில் நான் எழுந்தேன். "நீங்க இருங்க" என்று கொப்பியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நெடுநேரம் வரவில்லை. வெளியில் இருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே அவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று எனக்கும் எரிச்சலாக இருந்தது. நான் போனால் உட்காருவதற்கு முன்பே முடிந்துவிடும்.

வெளியே வந்தவளிடம், "டொக்டர் என்ன சொன்னாரு" என்றேன்.

"கேட்டதுக்குப் பதில் சொன்னாரு."

"நீ என்ன கேட்ட?"

அவள் அங்கேயே நின்றாள். மறுபடியும் வருகிறதோ என்று பயந்து எழுந்தேன். இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறு வருஷத்தில இத நீங்க என்கிட்ட கேக்கிறது இதுதான் முத தரம்" என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை. கொப்பி வைத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

நான் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் இன்னொரு தரம் கேட்டேன்.

றிஸ்கான்